பகல் சாப்பாட்டு நேரம் யாருடையது?

இலங்கை மலைநாட்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஸ்டோர்ச் சங்கு ஊதும். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். சங்குச் சத்தம் கேட்டதும் மலையில் நிரை பிடித்து நிற்கிற பெண்கள் எல்லாரும் கூடையோடு, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவத்துக்கு இறங்குவார்கள். அந்த நிமிடத்திலிருந்து சாப்பாட்டு நேரம் தொடங்கிவிட்டது என்பது தோட்டத்துக் கணக்கு. ஒரு மணிக்கு மறுபடியும் மலையில் நிற்க வேண்டும்.

பள்ளி லீவு நாட்களில் அம்மாவோடு நானும் போவேன். மடுவத்தில் வரிசை நீளமாக இருக்கும். தராசு ஒன்றுதான். ஒவ்வொருவராகக் கூடையை இறக்கி, கொழுந்தைக் கொட்டி, நிறுத்து, கணக்குப்பிள்ளை துண்டில் எழுதி முடிக்க, அம்மாவின் முறை வரப் பதினைந்து நிமிடமாவது ஆகும். மழை நாளில் இன்னும் கூட. அப்புறம் லயத்துக்கு, அதாவது நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, இறக்கத்தில் பத்து நிமிடம். திரும்பி மலை ஏறப் பதினைந்து நிமிடம். மிச்சம் இருப்பது இருபது நிமிடம். அதற்குள், தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவிலிருந்து தம்பியைத் தூக்கிவந்து சோறூட்டி, வெளியே காயப்போட்ட துணியை எடுத்து, அடுப்பில் சாயங்காலத்துக்கு விறகைச் சரிசெய்து, தானும் சாப்பிட வேண்டும். பல நாள் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. காலையில் சுட்ட ரொட்டியைச் சம்பலோடு சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, படங்குத் துணியை இடுப்பில் கட்டியபடியே படியேறுவார்.

அம்மாவுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு கிடைத்ததா? புத்தகத்தில் கிடைத்தது. அந்த ஒரு மணி நேரத்தில் முதல் பதினைந்து நிமிடம் அவர் என்ன செய்தார்? தோட்டத்தின் கொழுந்தை, தோட்டத்தின் தராசில் நிறுக்க, தோட்டம் சொன்ன இடத்தில் காத்து நின்றார். என்னைக் கேட்டால் அது வேலைதான். ஆனால் கழிந்தது அவருடைய சாப்பாட்டு நேரத்திலிருந்து.

பகல் இடைவேளை என்பதை விளங்கிக்கொள்ள இந்த மடுவத்து வரிசையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஓ.எல், ஏ.எல் பரீட்சை முடித்துவிட்டு ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை என்று டவுன் கடைகளில் வேலைக்குச் சேர்கிற தங்கச்சிமாரும் தம்பிமாரும் என்னிடம் கேட்கிற முதல் கேள்வியே இதுதான். "எத்தனை மணிக்குச் சாப்பிடணும்னு முதலாளி சொல்லலாமா? அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கா?" அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சுருக்கமான பதில், ஆமாம், சொல்லலாம். ஆனால் அந்தப் பதில் பாதிதான்.

சாப்பாட்டு இடைவேளைக்குள் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. அது எப்போது வரும் என்பது ஒன்று. வந்த பிறகு அந்த நேரம் யாருக்குச் சொந்தம் என்பது இன்னொன்று. முதலாவதைப் பெரும்பாலும் வேலை கொடுப்பவர் தீர்மானிக்கிறார். உலகத்தில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் அப்படித்தான், அதில் நியாயமும் இருக்கிறது. இரண்டாவது அவருடையது அல்ல. பன்னிரண்டரைக்குப் போ என்று சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. போன பிறகு "அப்படியே அந்தக் கஸ்டமரையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்" என்று சொல்கிற நொடியில் அது இடைவேளையாக இல்லாமல் போகிறது. மறுபடியும் வேலை நேரமாகிவிடுகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பிரச்சினையில் முக்கால்வாசி வருகிறது. நேரத்தைக் குறிப்பது என் உரிமை என்று ஆரம்பிக்கிற முதலாளி, அந்த நேரமே என்னுடையது என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறார். வேலை செய்கிறவரும் அதை நம்பிவிடுகிறார்.

நேரத்தைக் குறிக்கும் உரிமையில் என்ன நியாயம் என்று கேட்டால், ஸ்டோருக்குள் போய்ப் பார்க்க வேண்டும். வாட்டிய கொழுந்தை அரைத்து, நொதிக்க விட்டு, சரியான பதத்தில் சூட்டுக்குள் அனுப்ப வேண்டும். நொதிப்பு கொஞ்சம் கூடினாலும் தேயிலையின் குணம் மாறிவிடும். பன்னிரண்டு மணி ஆகிவிட்டது, எல்லாரும் சாப்பிடப் போவோம் என்று மெஷினை விட்டுவிட்டுப் போக முடியாது. ஒருவர் போனால் ஒருவர் நிற்க வேண்டும். ஆஸ்பத்திரி வார்டிலும் வங்கிக் கவுண்டரிலும் பஸ் ஸ்டாண்டிலும் இதே கதை. யார் எப்போது போவது என்று ஒருவர் ஒழுங்குபடுத்தாவிட்டால், குரல் பெரியவர்கள் முதலில் போவார்கள், புதிதாகச் சேர்ந்த பிள்ளை மூன்று மணிக்குத்தான் சாப்பிடும். ஆகவே நேர அட்டவணை போடுவதே அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒழுங்காகப் போட்ட அட்டவணை, பேசத் தெரியாதவர்களுக்குத்தான் முதலில் உதவும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் கடையிலும் அலுவலகத்திலும் வேலை செய்கிறவர்களுக்கென்று 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கடை, அலுவலக ஊழியர் சட்டம் என்று சொல்வார்கள். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், ஒரு வாரத்துக்கு 45 மணி நேரம் என்று அது வேலை நேரத்துக்கு எல்லை போடுகிறது. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஓ.டி, அதாவது மேலதிக நேர வேலை. ஓ.டிக்கு ஒன்றரை மடங்கு சம்பளம். வாரத்தில் ஒன்றரை நாள் லீவு. இதெல்லாம் பலருக்குத் தெரியும். தெரியாமல் தவறவிடுவது ஒரு சின்ன வரியை: இந்த 8 மணி நேரம் என்பது சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் கொடுக்கிற இடைவேளை நீங்கலாகக் கணக்கிடப்படுவது.

இந்த 'நீங்கலாக' என்ற சொல் இரண்டு பக்கமும் வெட்டும். காலை ஒன்பது மணிக்கு வந்து மாலை ஆறு மணிக்குப் போனால் கடையில் இருந்தது 9 மணி நேரம், வேலைக் கணக்கு 8. நடுவில் இருந்த ஒரு மணி சாப்பாட்டுக்கு. முதலாளி அதற்குச் சம்பளம் கொடுக்கவில்லை. கொடுக்கத் தேவையில்லை, ஏனென்றால் அது அவர் வாங்கிய நேரம் அல்ல. அப்படியென்றால் அந்த ஒரு மணியில் அவர் ஒரு வேலை சொன்னால் என்ன அர்த்தம்? காசு கொடுக்காத பொருளை எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம். கடையில் ஒரு சட்டைத்துணியை யாராவது காசு கொடுக்காமல் எடுத்துப் போனால் அதற்கு என்ன பெயர் வைப்போம் என்று எல்லாருக்கும் தெரியும்.

இதை நான் சொந்தக் கணக்கில் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். டவுனில் ஒரு துணிக்கடையில் சில வருடம் நின்றேன். நின்றேன் என்பது அப்படியே உண்மை, உட்கார ஸ்டூல் கிடையாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் என்று பேச்சு. சாப்பிடும் இடம் பின்பக்கம், சாரி பெட்டிகள் அடுக்கியிருக்கும் ஒடுக்கமான மூலை. கதவு கிடையாது, ஒரு திரை மட்டும். சோறு கட்டிய லன்ச் ஷீட்டைப் பிரித்து இரண்டு வாய் வைத்திருப்பேன், திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். "தங்கச்சி, அந்த மெரூன் கலர் ஓரக்கரை சாரி எங்கே வைச்ச, கொஞ்சம் வந்து எடுத்துக் கொடுத்துட்டுப் போம்மா." கோபமாகக் கூப்பிட்டதில்லை, அன்பாகத்தான். அதனால்தான் மறுக்கவும் வராது. கையைக் கழுவிவிட்டுப் போவேன், ஏனென்றால் சாரியில் எண்ணெய் படக் கூடாது. திரும்பி வந்தால் பருப்பு மேலே ஆடை கட்டியிருக்கும். மறுபடி கை வைத்தால் மறுபடி கூப்பிடுவார்கள். சில நாள் மூன்று தரம் கை கழுவியிருக்கிறேன்.

ஒரு நாள் சும்மா ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தேன். எனக்கென்று கிடைத்த நேரம் சராசரி பதினைந்து நிமிடம்தான். மிச்ச 45 நிமிடம் கடைக்குப் போனது. ஒரு நாளைக்கு 45 நிமிடம் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. மாதத்தில் 24 நாள் வேலை என்று வையுங்கள், 18 மணி நேரம் வருகிறது. இரண்டு முழு நாள் வேலையும் அதற்கு மேல் இரண்டு மணி நேரமும். மாதா மாதம், சம்பளம் இல்லாமல். அந்தக் கொப்பியைப் பார்த்தபோது எனக்கு அழுகைதான் வந்தது. என்னைக் கஷ்டப்படுத்த வேண்டும் என்று யாருமே நினைக்கவில்லை. ஆனாலும் அத்தனை மணி நேரம் போயிருந்தது.

அந்த நேரம் வேலை நேரமாகக் கணக்கில் வந்திருந்தால், என் நாள் 8 மணியைத் தாண்டியிருக்கும். தாண்டியது ஓ.டி. ஆக, சாப்பாட்டு இடைவேளை என்பது வெறும் பசி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. அது சம்பளக் கணக்கின் ஒரு வரி.

இந்த விஷயத்தை அதிகமாக அலசிப் பார்த்த இடம் அமெரிக்கா. அங்கே நாடு முழுவதற்குமான சட்டம் பகல் இடைவேளை கட்டாயம் என்று சொல்வதே இல்லை. ஆனால் கொடுத்தால் எது இடைவேளை, எது வேலை என்று அங்குள்ள விதிகள் தெளிவாகப் பிரிக்கின்றன. ஐந்து நிமிடம் முதல் இருபது நிமிடம் வரையான சின்ன ஓய்வு சம்பள நேரம். சாப்பாட்டுக்கென்று சுமார் அரை மணி நேரம் முழுமையாக விடுவித்தால் அதற்குச் சம்பளம் வேண்டியதில்லை. 'முழுமையாக விடுவித்தால்' என்பதுதான் அங்கே உயிர்நாடி. மேசையிலேயே சாப்பிட்டுக்கொண்டு போன் வந்தால் எடுக்க வேண்டிய அலுவலக ஊழியர் விடுவிக்கப்படவில்லை, அவர் வேலையில் இருக்கிறார். அதே நேரம், கட்டடத்தைவிட்டு வெளியே போகக் கூடாது என்று சொல்வதால் மட்டும் இடைவேளை கெட்டுவிடாது, உள்ளே அவர் சுதந்திரமாக இருந்தால் போதும் என்கிறது அதே விதி. இந்தக் கடைசிப் பகுதி எனக்கு முழுக்கச் சம்மதமில்லை. தோட்டத்துப் பெண் ஒருத்திக்கு லயத்துக்குப் போய்ப் பிள்ளையைப் பார்க்க முடியாவிட்டால், மடுவத்துக்குள் எத்தனை சுதந்திரம் கொடுத்து என்ன பயன்?

கலிபோர்னியா மாநிலத்தின் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே ஐந்தாவது மணி நேரம் முடிவதற்குள் சாப்பாட்டு இடைவேளை தொடங்கியாக வேண்டும். அதாவது 'எப்போது' என்பதை முதலாளியின் கையில் முழுக்க விடாமல் அதற்கும் ஒரு வேலி போட்டிருக்கிறார்கள். அப்படியானால் ஊழியர் சாப்பிடாமல் வேலை செய்தால் முதலாளி பிடித்து உட்கார வைக்க வேண்டுமா என்று ஒரு வழக்கு வந்தது. 2012 இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: எல்லா வேலையிலிருந்தும் விடுவித்து, அந்த நேரத்தின் மீதான பிடியையும் விட்டுவிட வேண்டும், அதைத் தடுக்கவோ சாப்பிடாமல் வேலை செய்யத் தூண்டவோ கூடாது. அதற்கு மேல் ஊழியர் என்ன செய்கிறார் என்று காவல் காக்கத் தேவையில்லை.

2016 இல் அதே நீதிமன்றத்துக்கு வந்த இன்னொரு வழக்குதான் என் மனசுக்கு மிகவும் நெருக்கமானது. காவலாளிகள் போட்ட வழக்கு. ஓய்வு நேரத்திலும் அவர்கள் வோக்கி-டோக்கியைத் திறந்தே வைத்திருக்க வேண்டும், கூப்பிட்டால் ஓட வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. கூப்பிடாத நாட்களும் உண்டுதானே, அப்போது ஓய்வுதானே என்று நிறுவனம் வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. கூப்பிடுவார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஓய்வு இல்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம். அதைப் படித்தபோது எனக்கு அந்தத் துணிக்கடைத் திரைதான் ஞாபகத்துக்கு வந்தது. கூப்பிடாத நாளிலும் நான் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. ஒரு காது எப்போதும் திரைக்கு அந்தப் பக்கம்தான்.

அமெரிக்கத் தீர்ப்பு ஹட்டனில் செல்லாது, அது வேறு நாட்டுச் சட்டம். ஆனால் நம்மிடம் இல்லாத ஒரு அளவுகோலை அது கையில் கொடுக்கிறது. இடைவேளை இடைவேளையா என்று பார்க்க மணிக்கூட்டைப் பார்த்தால் மட்டும் போதாது. அந்த நேரத்தில் கூப்பிட்டால் வர வேண்டிய கடமை உனக்கு இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

இன்றைக்கு வோக்கி-டோக்கிக்குப் பதில் போன் வந்துவிட்டது. கடை வாட்ஸப் குரூப்பில் பகல் ஒரு மணிக்கு "ஸ்டொக் எவ்வளவு இருக்கு?" என்று மெசேஜ் வரும். நீல டிக் விழுந்துவிட்டால் பதில் போட்டாக வேண்டும். ஒரு கையில் சோறு, மறு கையில் போன். யாரும் எழுந்து வா என்று சொல்லவில்லை, ஆனால் காவலாளியின் இடுப்பில் இருந்த கருவிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

தோட்டத்துக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் அங்கே இந்தக் கட்டுப்பாடு இன்னும் நுணுக்கமானது. யாரும் வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. எண்ணே சொல்லிவிடுகிறது.

தேயிலை மலையில் ஒரு நாள் பேர் விழ, அதாவது முழு நாள் சம்பளம் கணக்கில் ஏற, இத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்று அளவு இருக்கும். அந்த அளவுக்குக் குறைந்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம். கூடினால் மேலதிகக் கிலோவுக்குக் காசு. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. பல வருடப் போராட்டத்தின் பலன். ஆனால் அதற்குப் பிறகு பல தோட்டங்களில் கிலோ அளவும் ஏறியது. கொழுந்து இல்லாத வறட்சி மாதத்தில் அந்த அளவைத் தொட என்ன வழி? காலையில் வேளைக்கு வர வேண்டும், சாயங்காலம் பிந்த வேண்டும், அல்லது மத்தியானத்தில் கைவைக்க வேண்டும். முதலில் குறைவது மத்தியானம்தான். பன்னிரண்டு மணிக்கு மடுவத்தில் நிறுத்துவிட்டு, லயத்துக்குப் போகாமல், தேயிலைச் செடிக்கு நடுவிலேயே நின்றபடி ரொட்டியைக் கடித்துவிட்டு மறுபடி நிரைக்குள் போகிற பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்டால், "யாரு சொன்னா, நாங்களாத்தான் செய்யுறோம்" என்பார்கள். தாங்களாகச் செய்வதுபோலத்தான் இருக்கும். அரைப் பேர் விழுந்துவிடுமோ என்ற பயம் இல்லாவிட்டால் அவர்களில் ஒருவராவது அப்படிச் செய்வாரா?

இதற்கு நான் வைக்கிற பெயர் மறைமுகக் கட்டுப்பாடு. டவுன் கடையிலும் இது உண்டு. மாதத்துக்கு இவ்வளவு விற்றால் கமிஷன் என்று வைத்துவிட்டால், கூட்டம் வருகிற பகல் நேரத்தில் யாரும் சாப்பிடப் போக மாட்டார்கள். முதலாளி நல்லவராகச் சிரித்துக்கொண்டே "போய்ச் சாப்பிட்டுட்டு வாம்மா" என்பார். கால் நகராது.

இன்னொன்று, மலையில் வேலை செய்கிற பெண்களுக்குச் சாப்பாட்டு நேரம் சாப்பாட்டுக்கு மட்டும் உரியது இல்லை. மலைக்கு மேலே கழிப்பறை கிடையாது. காலை ஏழரைக்கு ஏறினால் மத்தியானம் லயத்துக்கு இறங்கும்போதுதான் அதற்கும் வழி. அதற்காகவே காலையில் தண்ணீர் குடிக்காமல் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். மாதவிடாய் நாட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அட்டை கடித்த காலைக் கழுவுவதும் அப்போதுதான். இடைவேளையில் பத்து நிமிடம் குறைகிறது என்றால் இதில் ஏதோ ஒன்று குறைகிறது. கணக்குப்பிள்ளை ஆணாக இருப்பதால் இதை யாரும் அவரிடம் சொல்வதும் இல்லை.

தோட்டத்தில் வேலை செய்கிற, பால் குடிக்கிற பிள்ளை இருக்கிற தாய்மார்களுக்குச் சட்டத்தில் தனியாக ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதைப் பலர் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துக் குழப்பிவிடுகிறார்கள். 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாலூட்டுகிற தாய்க்கு வேலை நாளில் இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும். பிள்ளைக் காம்பரா போன்ற இடம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். இது சாப்பாட்டு இடைவேளைக்கு மேலதிகமானது. "அதான் மத்தியானம் போறியே, அப்ப பால் குடு" என்று சொன்னால் அது தவறு. தங்கச்சிமாரே, இதை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்ட வேலைக்கு 1954 ஆம் ஆண்டின் கடைச் சட்டம் பொருந்தாது. அங்கே 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம். பல தொழில்களுக்குத் தனித்தனிச் சம்பளச் சபை, தேயிலைக்கும் ஒன்று. ஆகவே ஒரே வீட்டில் அம்மாவுக்கு ஒரு சட்டம், டவுனில் வேலை செய்கிற மகளுக்கு இன்னொரு சட்டம். எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது. எனக்கு எது, உங்களுக்கு எது என்று ஒன்றோடொன்று கலந்து பேசினால் தொழில் அலுவலகத்தில் குழப்பம்தான் வரும். முதலில் உங்கள் வேலை எந்தச் சட்டத்துக்குள் வருகிறது என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரத்தைக் குறிக்கும் உரிமை முதலாளிக்கு இருக்கிறது என்றேன். அதற்கும் ஒரு மனித எல்லை இருக்கிறது. சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிற ஒருவர் பன்னிரண்டரைக்குச் சாப்பிட வேண்டும் என்றால், அவரை இரண்டு மணிக்குப் போகச் சொல்வது அட்டவணை இல்லை, ஆபத்து. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஜும்மாத் தொழுகை பகலில்தான் வரும். ஒரே கடையில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் சேர்ந்து வேலை செய்கிற ஊர்கள் நம்முடையவை. வெள்ளிக்கிழமை முஸ்லிம் தம்பிமாருக்கு முதல் முறை என்று ஒதுக்கிவிட்டால் ஒரு சத்தமும் இல்லாமல் காரியம் நடக்கும். அப்படி நடக்கிற கடைகளை நான் பார்த்திருக்கிறேன். நோன்பு மாதத்தில் அதே தம்பிமார் மற்றவர்கள் சாப்பிடுகிற நேரம் கவுண்டரில் நின்று, மாலையில் நோன்பு திறக்க வேளைக்குப் போவார்கள். இதற்கெல்லாம் சட்டப் புத்தகம் வேண்டியதில்லை. ஒருவரை ஒருவர் கேட்டுப் போடுகிற அட்டவணை போதும்.

உங்கள் கடையில் இடைவேளை சரியில்லை என்று நினைத்தால் என்ன செய்வது? சண்டையில் ஆரம்பிக்காதீர்கள். கொப்பியில் ஆரம்பியுங்கள். ஒரு மாதத்துக்கு, ஒவ்வொரு நாளும், எத்தனை மணிக்குச் சாப்பிடப் போனேன், எத்தனை தரம் கூப்பிட்டார்கள், எத்தனை மணிக்குத் திரும்பினேன் என்று மட்டும் எழுதுங்கள். கோபத்தை எழுத வேண்டாம், நேரத்தை எழுதுங்கள். கடை, அலுவலகத்தில் சேர்கிறவருக்கு நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். அதை வாங்கியிருந்தால் வேலை நேரம் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வாங்கவில்லை என்றால் கேளுங்கள். பிறகு முதலாளியிடம் தனியாகப் பேசாமல், கூட வேலை செய்கிற இரண்டு மூன்று பேராகப் பேசுங்கள். தனியாகக் கேட்டால் அது குறை சொல்வதாகப் போகும், சேர்ந்து கேட்டால் கடை நடத்துகிற விஷயமாக மாறும். அப்படியும் நடக்காவிட்டால் தொழில் திணைக்களத்தின் பக்கத்து அலுவலகத்துக்குப் போய் முறைப்பாடு கொடுக்கலாம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. அந்தக் கொப்பியை மறக்காமல் கொண்டுபோங்கள்.

முதலாளிமாரில் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. மடுவத்தில் நிறுக்கும் வேலையைச் சங்கு ஊதுவதற்குப் பதினைந்து நிமிடம் முன்னதாகத் தொடங்கினால் தோட்டம் நட்டப்பட்டுவிடாது. கடையில் சாப்பிடும் மூலைக்குத் திரைக்குப் பதில் ஒரு கதவு போட்டால் பெரிய செலவும் இல்லை. கதவு மூடியிருந்தால் கூப்பிட மனம் வராது. இடைவேளையில் இருப்பவரின் வேலையை அந்த நேரத்தில் யார் பார்ப்பது என்று பெயர் சொல்லி ஒதுக்கிவிடுங்கள். மெரூன் சாரி எங்கே இருக்கிறது என்று இன்னொருவருக்கும் தெரிந்திருந்தால் என்னைக் கூப்பிடத் தேவையே வந்திருக்காது.

நான் விட்டுவந்த அந்தக் கடையில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகள் அட்டவணை ஒன்று கேட்டு வாங்கிவிட்டார்கள். கவுண்டருக்குப் பின்சுவரில், கலண்டருக்குப் பக்கத்தில், கையால் எழுதி ஒட்டியிருக்கிறது. பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை மூன்று பெயர், ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை மூன்று பெயர். போன வாரம் போனபோது பார்த்தேன், அக்கா ஒருவர் பின்மூலையில் கால்களை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கஸ்டமர் ஒருவர் அவரைத்தான் கேட்டார். "அவங்க சாப்பாட்டில இருக்காங்க, நான் எடுத்துத் தாறேன்" என்று ஒரு சின்னப் பிள்ளை முன்னுக்கு வந்தாள். தீபாவளிக்கு முந்தின மாதம் மட்டும் அட்டவணை செல்லாது என்று முதலாளி சொல்லியிருக்கிறாராம். அந்த ஒரு மாதத்தைப் பற்றித்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்கள்.